வட்டி வாங்காத வீட்டுக்கடன்: ஜார்ஜியாப் பண்ணை ஒன்றின் வரலாறு

வீடில்லாத ஏழைக்கு வீடு அமைத்துக் கொடுப்பது அறம் என்பதில் எச்சமயத்தாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதை எவ்வாறு கொடுப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. தானமாகக் கொடுக்கலாம், குறைந்த வாடகைக்கு விடலாம், கடன் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்லலாம். அமெரிக்காவில் ஓர் அறநிறுவனம் இம்மூன்றிலும் சேராத ஒரு வழியைக் கடைப்பிடித்தது. அடக்க விலைக்கு வீட்டை விற்பது, விலையைப் பல்லாண்டுத் தவணையில் பெறுவது, அத்தவணைக்கு வட்டி வாங்காதிருப்பது, வாங்குபவரின் உடலுழைப்பையும் ஒரு பங்காக ஏற்பது என்பதே அவ்வழி. ‘ஹேபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி’ என்னும் அந்நிறுவனத்தின் பெயரைக் கேட்டவர்களில் பலர், அது இலவசமாக வீடு வழங்கும் அமைப்பு என்றே எண்ணியிருக்கின்றனர். அது தவறான எண்ணம். வட்டியைத் தவிர்த்து வாழ முயலும் சமுதாயத்தினராகிய நாம், வேறொரு சமயத்தார் தம் வேதத்தின் கட்டளையை முன்னிறுத்தி இதை எவ்வாறு நடைமுறைப்படுத்தினர், பிற்காலத்தில் அதில் எங்கே நெகிழ்ந்தனர் என்பதை அறிந்துகொள்வது பயனுடையது.

இவ்வரலாறு அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் என்னும் சிற்றூருக்கு அருகே தொடங்குகிறது. 1942இல் கிளாரன்ஸ் ஜோர்டன் என்பவரும் அவர் மனைவியும் மற்றொரு தம்பதியரும் சேர்ந்து அங்கே ஒரு பண்ணையை நிறுவினர். ஜோர்டன் வேளாண்மைப் பட்டம் பெற்றவர். பின்னர் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் முனைவர் பட்டமும் பெற்றவர். தோழமைக் கூட்டு எனப் பொருள்படும் ‘கோயினோனியா’ என்ற கிரேக்கச் சொல்லையே பண்ணைக்குப் பெயராக இட்டார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே பந்தியில் உண்பதே குற்றமாகக் கருதப்பட்ட நிலப்பகுதி அது. அங்கே இரு இனத்தாரும் ஒன்றாக உழுது, ஒன்றாக உண்டனர்.

பல ஆண்டுகள் அக்கம்பக்கத்தார் முணுமுணுத்ததோடு நின்றனர். 1956இல் நிலைமை மாறியது. அட்லாண்டாவில் வெள்ளையர் மட்டுமே பயின்றுவந்த ஒரு கல்லூரியில் சேர விரும்பிய கறுப்பின மாணவர் இருவரின் விண்ணப்பத்துக்கு ஜோர்டன் துணைநின்றார். அதன் பின் விதை விற்பவர் விதை தர மறுத்தார். உரம் விற்பவர் உரம் தர மறுத்தார். காப்பீட்டு நிறுவனங்கள் ஒப்பந்தத்தை முறித்தன. பண்ணையின் சாலையோரக் கடை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இரவில் வீடுகளை நோக்கித் துப்பாக்கிகள் சுட்டன. உள்ளூரில் ஒரு முட்டைகூட விற்க இயலாத நிலையில், பண்ணையில் விளைந்த பீக்கன் என்னும் பருப்புக்கொட்டைகளை அஞ்சல்வழி தொலைதூர வாடிக்கையாளர்களுக்கு விற்றுப் பிழைத்தனர். எனினும் 1960களின் நடுவில் அப்பண்ணையில் எஞ்சியிருந்தோர் மிகச் சிலரே.

அந்நிலையில்தான் மில்லார்டு ஃபுல்லர் என்பவர் அங்கு வந்து சேர்ந்தார். அலபாமா மாநிலத்தில் 1935இல் பிறந்த இவர் சட்டம் பயின்றவர். அஞ்சல்வழி வணிகத்தில் இறங்கி முப்பது வயதுக்குள் பத்து லட்சம் டாலருக்கு அதிபதியானவர். பொருள் பெருகியது, இல்லறம் சிதைந்தது. 1965இல் மனைவி லிண்டா அவரை விட்டு நியூயார்க் சென்றுவிட்டார். இருவரும் பேசி மீண்டும் இணைந்தபோது, சொத்தை விற்று அறச்செயல்களுக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தனர். அவ்வாறே செய்தும் காட்டினர். அவ்வாண்டின் இறுதியில் ஒரு நண்பரைச் சில மணி நேரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கோயினோனியாவுக்கு வந்தவர்கள், ஒரு மாத காலம் அங்கேயே தங்கிவிட்டனர். 1968இல் அங்கேயே குடியேறினர்.

ஜோர்டனும் ஃபுல்லரும் தம்மைச் சுற்றிக் கண்ட வறுமையைச் சற்று விளக்கியாக வேண்டும். பிறர் நிலத்தில் விளைச்சலின் ஒரு பங்குக்குப் பயிரிட்டு வந்த கறுப்பின வாரக்குடிகள், நிலவுடைமையாளரின் குடிசைகளில் வாழ்ந்தனர். இயந்திரங்கள் வந்தபின் அவர்களுக்கு வேலையும் இல்லை, குடிசையும் நிலையில்லை. வங்கியில் கடன் கிடைக்குமா என்றால், அக்கதவும் அடைபட்டிருந்தது. 1934இல் நிறுவப்பட்ட கூட்டாட்சி வீடமைப்பு நிருவாகம் வீட்டுக்கடன்களுக்கு அரசின் உறுதியளித்து நடுத்தர வெள்ளையர் லட்சக்கணக்கானோரை வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆக்கியது. ஆனால் கறுப்பர் வாழும் பகுதிகளை ஆபத்தான பகுதிகள் என மதிப்பிட்டு ஒதுக்கிவைத்ததும் அதே நிருவாகம்தான். அந்நாளைய அரசுக் கடன் வரைபடங்களில் அப்பகுதிகள் சிவப்பு வண்ணத்தால் குறிக்கப்பட்டிருந்தன. ஆகவே ஏழையிடம் உழைப்பு இருந்தது, வாடகை கட்டும் பழக்கமும் இருந்தது. முதலீடு மட்டுமே இல்லை. ஏழைக்கு வேண்டுவது தருமம் அன்று, முதல். மேற்பார்வை செய்பவர் அல்லர், உடன் உழைப்பவர் என்பதே ஜோர்டனின் வாதம்.

1968இல் பண்ணை நிலத்தின் ஒரு பகுதியை அரை ஏக்கர் மனைகளாக 42 மனைகள் பிரித்தனர். ‘மனிதகுல நிதி’ என ஒரு நிதியைத் தோற்றுவித்தனர். வசதியுள்ளோர் அந்நிதிக்கு நன்கொடையும் வட்டியில்லாக் கடனும் அளிப்பர். அந்நிதியிலிருந்து வீடு கட்டப்படும். வீட்டை வாங்கியவர் கட்டும் தவணை அதே நிதிக்குத் திரும்பி அடுத்தவரின் வீடாகும். இலாபம் இல்லை, வட்டி இல்லை. ஏழைக்குக் கடன் கொடுத்தால் அவனிடம் வட்டி சுமத்தலாகாது என்று யாத்திராகமத்தின் 22ஆம் அதிகாரத்தில் காணப்படும் சட்டத்தையே இதற்கு அடிப்படையாகக் கொண்டனர். மூஸா நபி (அலை) அவர்களின் சட்டமாக யூதரும் கிறித்தவரும் போற்றும் இவ்விதியைப் பிற்காலக் கிறித்தவ நாடுகள் ஏறக்குறைய மறந்தே போயிருந்தன. அதைத் தூசு தட்டி எடுத்தவர்கள் என்ற வகையில் இவ்விருவரையும் பாராட்டத்தான் வேண்டும்.

வட்டியின் சுமை எத்துணை என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். 6,000 டாலர் அடக்க விலையுள்ள ஓர் எளிய வீட்டை 20 ஆண்டுத் தவணையில் வட்டியின்றி வாங்கினால் மாதத் தவணை 25 டாலர். அதே தொகைக்கு நூற்றுக்கு 8 வீதம் வட்டி சேர்த்தால் மாதத் தவணை 50 டாலரைத் தாண்டும். அதாவது ஒரு வீட்டுக்கு இரண்டு வீட்டின் விலை. இன்றைய அளவில் பார்ப்போமானால், 1,80,000 டாலர் கடனை 30 ஆண்டுகளில் வட்டியின்றி அடைக்க மாதம் 500 டாலர் போதும். நூற்றுக்கு 7 வட்டி என்றால் மாதம் ஏறத்தாழ 1,197 டாலர் வேண்டும். அப்படி முப்பதாண்டுகள் செலுத்தி முடிப்பவர் 4,31,000 டாலருக்கு மேல் கொடுத்திருப்பார். ஏழையால் வீடு வாங்க முடியவில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் எவ்வளவு பங்கு வீட்டின் விலை, எவ்வளவு பங்கு வட்டி என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

முதல் வீடு எழும்பிக்கொண்டிருந்தபோதே, 1969 அக்டோபரில் ஜோர்டன் காலமானார். எளிய மரப்பெட்டி ஒன்றில் வைத்துப் பண்ணையிலேயே, அடையாளக்கல் இல்லாத குழியில் அடக்கம் செய்தனர். வேலை நிற்கவில்லை. 1973இல் ஃபுல்லர் குடும்பத்தோடு ஆப்பிரிக்காவின் ஜைர் நாட்டுக்குச் சென்று (இன்று அது காங்கோ ஜனநாயகக் குடியரசு), ம்பண்டாகா என்ற நகரில் மூன்றாண்டுகள் இதே முறையில் வீடுகள் கட்டினார். ஜார்ஜியாவில் பலித்தது வேற்று நாட்டிலும் பலிக்கும் என்று தெரிந்தபின், 1976இல் அமெரிக்கஸ் நகருக்குத் திரும்பி, ஹேபிடட் நிறுவனத்தைத் தொடங்கினார். 1983இல் ஆந்திர மாநிலத்துக் கம்மத்தில் இந்தியப் பணி தொடங்கியது. 1984இல் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர், மனைவியோடும் தொண்டர்களோடும் ஜார்ஜியாவிலிருந்து பேருந்தில் நியூயார்க் சென்று, பாழடைந்து கிடந்த ஆறடுக்குக் கட்டடம் ஒன்றைப் பழுதுபார்த்து 19 குடும்பங்களுக்கு இல்லமாக்கும் பணியில் சுத்தியலோடு நின்றார். கார்ட்டரின் சொந்த ஊரான பிளெயின்ஸ், கோயினோனியாப் பண்ணைக்கு அண்டையிலேயே உள்ளது. அதிபராக இருந்தவர் தச்சராக நின்ற படம் நாளிதழ்களில் வந்தபின் நிறுவனத்தின் பெயர் உலகெங்கும் பரவியது. 2006இல் மகாராட்டிர மாநிலத்து லோனாவாலாவுக்கு அருகிலும் அவர் வந்து தொண்டர்களோடு வீடு கட்டினார். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் இந்நிறுவனம் வீடுகள் கட்டியது. பேரிடர்க்கால வீடுகள் வேறு வகை. நாம் பேசுவது அமெரிக்காவில் விண்ணப்பித்து வாங்கும் வீட்டைப் பற்றி.

அவ்விண்ணப்பத்தின் அமைப்பைப் பார்த்தால், மேற்சொன்ன வரலாறு முழுவதும் அதற்குள் பதிந்திருப்பது தெரியும். ஒவ்வொரு நகரத்திலும் உள்ள கிளை தனித்தனியே நிருவகிக்கப்படுவதால் விதிகளில் ஊருக்கு ஊர் சிறு வேறுபாடுகள் உண்டு. ஆனால் எல்லாக் கிளைகளும் மூன்று கேள்விகளையே அடிப்படையாகக் கொள்கின்றன. உனக்கு வீடு உண்மையிலேயே தேவையா? தவணையைக் கட்ட உன்னால் இயலுமா? எங்களோடு சேர்ந்து உழைக்க நீ ஆயத்தமா?

முதல் கேள்விக்கு விடை காண, குடும்பத்தின் இன்றைய குடியிருப்பு ஆராயப்படுகிறது. கூரை ஒழுகுகிறதா, குழாய் பழுதா, ஓர் அறையில் எத்தனை பேர், வருமானத்தில் எவ்வளவு வாடகைக்குப் போகிறது என்பன பார்க்கப்படும். வருமானம் அந்த வட்டாரத்தின் நடுமட்ட வருமானத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 முதல் 80 வரையிலான வரம்புக்குள் இருப்பது பெரும்பாலான கிளைகளின் விதி. அதற்கு மேற்பட்டவர் வங்கிக்குப் போகலாம் என்பது கருத்து.

இரண்டாவது கேள்வியில்தான் பலர் இடறி விழுகின்றனர். வருமான வரிப் படிவங்கள், ஊதியச் சீட்டுகள், வங்கிக் கணக்கறிக்கை, நிலுவையிலுள்ள கடன்களின் பட்டியல் ஆகியவற்றை விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும். கடன் வரலாற்று அறிக்கையையும் கிளை தானே வரவழைத்துப் பார்க்கும். வாடகைக்கார் ஓட்டுபவர், சிறுகடை வைத்திருப்பவர் போன்ற சொந்தத் தொழிலாளர்கள் பொதுவாக இரண்டாண்டு வரிக்கணக்கைக் காட்டியாக வேண்டும். ரொக்கத்தில் வாங்கி ரொக்கத்தில் செலவிட்டு வந்தவர்களுக்கு இங்கே இடர்ப்பாடு. சட்டப்படி நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமையும் பெரும்பாலும் கேட்கப்படும். தவணை, சொத்து வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்து குடும்பத்தின் மொத்த வருமானத்தில் நூற்றுக்கு 30க்கு மேற்படாதவாறு கணக்கிடுவது வழக்கம். இதிலிருந்து ஓர் உண்மை வெளிப்படுகிறது. ஏழையரிலும் ஏழையர், வேலையே இல்லாதவர், இத்திட்டத்துக்குள் வர இயலாது. இதை நிறுவனத்தின் குறையாகச் சொல்வோர் உண்டு. குறைதான். ஆயினும் திருப்பிக் கட்டும் தவணையே அடுத்த குடும்பத்தின் செங்கல்லாக வேண்டியிருக்கும் முறையில் வேறு வழி இல்லை. வேலையற்றவருக்கும் விதவைக்கும் உரியது ஜகாத், ஸதகா போன்ற கொடை. உழைத்தும் முதலில்லாதவருக்கு உரியது அழகிய கடன். நம் பைத்துல்மால்களில் இவ்விரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதிக் குழப்பிக்கொள்ளும் வழக்கம் இருப்பதை இங்கே நினைவூட்டுவது தவறாகாது.

மூன்றாவது கேள்வி, உழைப்பு. வியர்வைப் பங்கு என்று அதற்குப் பெயரிட்டிருக்கின்றனர். கிளைக்கு ஏற்ப 200 முதல் 500 மணி நேரம் வரை விண்ணப்பதாரர் குடும்பத்தினர் உழைக்க வேண்டும். தமக்குரிய வீட்டில் மட்டுமன்று, பிறர் வீட்டிலும் சுவர் எழுப்ப வேண்டும். முதியோரும் உடல் நலிந்தோரும் அலுவலகத்திலோ, நன்கொடையாக வந்த கட்டடப் பொருள்களை விற்கும் நிறுவனத்தின் கடைகளிலோ பணியாற்றலாம். (அத்தகைய முதல் கடை 1991இல் கனடாவின் வின்னிபெக் நகரில் தொடங்கப்பட்டது.) வரவுசெலவுத் திட்டம், வீட்டுப் பராமரிப்பு, கடன் பத்திரத்தின் விவரங்கள் ஆகியவற்றைக் கற்பிக்கும் வகுப்புகளும் இம்மணி நேரத்தில் சேர்த்துக் கொள்ளப்படுவதுண்டு. விண்ணப்பித்த நாள் முதல் சாவி கைக்கு வரும் நாள் வரை ஓராண்டு, ஈராண்டு ஆவது இயல்பு.

தேர்வு செய்யும் முறையும் கவனிக்கத் தக்கது. வட்டாரத் தொண்டர்களைக் கொண்ட ஒரு குழு விண்ணப்பங்களைப் பரிசீலித்து, கிளையின் நிர்வாகக் குழுவுக்குப் பரிந்துரைப்பது தொடக்கக்கால வழக்கம். பல கிளைகளில் இவ்வேலை இப்போது ஊதியம் பெறும் அலுவலர் கைக்கு வந்துவிட்டது. நிறுவனம் கிறித்தவ அடிப்படையில் பிறந்ததாயினும், விண்ணப்பதாரரின் சமயத்தையோ இனத்தையோ பார்த்துத் தேர்வு செய்ய இயலாது. மனிதகுல நிதி தோன்றிய அதே 1968இல் இயற்றப்பட்ட நியாய வீட்டுவசதிச் சட்டம் அதைத் தடுக்கிறது. 1974இன் சமவாய்ப்புக் கடன் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. முழுமையான விண்ணப்பம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறும் உரிமை விண்ணப்பதாரருக்கு உண்டு. உதவி கேட்டு வந்தவரை ‘பார்ப்போம்’ என்று சொல்லி மாதக்கணக்கில் அலையவிடும் பழக்கம் உள்ள எந்தக் குழுவுக்கும் இந்த 30 நாள் விதி உறைக்கும்.

வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கி மறுநாளே சந்தை விலைக்கு விற்றுவிட்டால் என்ன செய்வது? இதற்கும் வழி செய்திருக்கின்றனர். சந்தை விலை 2,50,000 டாலர் பெறும் வீட்டை 1,80,000 டாலர் கடனில் கொடுத்தால், எஞ்சிய 70,000 டாலருக்கு இரண்டாவது அடமானப் பத்திரம் ஒன்று எழுதப்படும். அதற்கு மாதத் தவணை கிடையாது. குடும்பம் அவ்வீட்டிலேயே நிலைத்து வாழ்ந்தால், பல கிளைகளில் அத்தொகை ஆண்டுதோறும் சிறுகச் சிறுகக் கழிந்துவிடும். விற்றால் நிறுவனத்துக்குத் திரும்ப வேண்டும். தவணை கட்டத் தவறியவர் நிலை என்ன என்பதும் கேட்கத் தக்க கேள்வி. நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் நமக்குப் பணிக்கிறது. ஹேபிடட் கிளைகளும் முதலில் தவணையை மாற்றியமைத்தும் ஆலோசனை கூறியும் பார்க்கின்றன. ஆனால் இது அடமானக் கடன்தான். முடிவில் வீடு பறிபோவதும் உண்டு.

வட்டியின் வரலாறு இங்கே முடியவில்லை. 2005 ஜனவரியில் ஃபுல்லர், நிர்வாகக் குழுவோடு ஏற்பட்ட பிணக்கின் இறுதியில், தாம் நிறுவிய அமைப்பிலிருந்தே நீக்கப்பட்டார். உடனே தம் பெயரில் மற்றொரு வீடமைப்பு மையத்தைத் தொடங்கி, வட்டியில்லா முறையை அங்கே தொடர்ந்தார். 2009 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது, ஜோர்டனைப் போலவே எளிய பெட்டியில், அதே கோயினோனியாவின் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார். தாய் நிறுவனமோ மிகப் பெரிதாக வளர்ந்தது. பழுதுபார்ப்பு, பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்து ஆறு கோடிப் பேருக்கு மேல் உதவியிருப்பதாக அது தன் கணக்கைக் கூறுகிறது. வளர்ச்சியோடு ஒரு மாற்றமும் நுழைந்தது. மனை விலையும் கட்டுமானச் செலவும் ஏறிய நகரங்களில், முழுத் தொகையையும் தம் நிதியிலிருந்தே முப்பதாண்டுகள் முடக்கிவைக்கக் கிளைகளால் இயலவில்லை. எனவே பல கிளைகள் வங்கிகளின் மூலமும், அரசின் ஊரக வீட்டுக்கடன் மூலமும் குறைந்த வட்டிக் கடனை ஏற்பாடு செய்யத் தொடங்கின. ‘வட்டியில்லாக் கடன்’ என்று இருந்த இடத்தில் ‘தாங்கத்தக்க தவணை’ என்ற சொல் வந்தமர்ந்தது. வருமானத்தில் நூற்றுக்கு 30க்குள் தவணை நிற்கிறதல்லவா, வட்டி இருந்தால் என்ன என்பது அவர்கள் வாதம்.

அவ்வாதத்தைக் கணக்காளர் ஏற்கலாம். இதனால் கூடுதல் குடும்பங்களுக்கு வீடு கிடைத்திருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஜோர்டன் கேட்டது தாங்கத்தக்க வட்டியை அன்று. ஏழையின் தேவையிலிருந்து ஆதாயம் எடுக்கலாமா என்பதே அவர் கேள்வி. வங்கியிடம் சென்ற கடனின் தவணை அடுத்த குடும்பத்தின் வீட்டுக்குத் திரும்புவதில்லை, வங்கிக்கே போகிறது. மனிதகுல நிதியின் சுழற்சி அந்த இடத்தில் அறுபடுகிறது.

அமெரிக்காவில் வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இது ஏட்டளவான விவாதம் அன்று. அகதிகளாகச் சென்ற குடும்பங்களுக்கும் குறைந்த ஊதியத்தில் உழைப்போருக்கும் வட்டியின் நிழல் படாமல் வீடு பெறக் கிடைத்த மிகச் சில வழிகளில் இது ஒன்று. பல நகரங்களில் தேவாலயத்தாரும் யூத ஆலயத்தாரும் பள்ளிவாசல் ஜமாஅத்தாரும் சேர்ந்து நிதி திரட்டி, சனிக்கிழமைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒரே வீட்டின் சுவரை எழுப்பியும் இருக்கின்றனர். இன்று அங்கே விண்ணப்பிக்க எண்ணும் முஸ்லிம் ஒருவர், படிவத்தை நிரப்புவதற்கு முன், தம் ஊர்க் கிளை நடத்தும் அறிமுகக் கூட்டத்திலேயே இரண்டு செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடன் கொடுப்பவர் கிளையா, வங்கியா? பத்திரத்தில் எழுதப்படும் வட்டி வீதம் பூச்சியமா, வேறா? ஒரே பெயர்ப்பலகையின் கீழ் இயங்கினாலும் ஒரு நகரத்துக் கிளை தரும் விடையும் அடுத்த நகரத்துக் கிளை தரும் விடையும் வேறு வேறாக இருக்கக்கூடும்.